பிறந்தது கனடாவில்... அறிவிப்பில் 'பஞ்சாப், இந்தியா'! ஜிந்தர் மஹாலை 'வெளிநாட்டு வில்லன்' ஆக்கியது யார்?

2024 ஜனவரி 1. அமெரிக்காவின் சான் டியாகோ நகரம். டபிள்யூடபிள்யூஇ-யின் 'ரா' நிகழ்ச்சி புத்தாண்டு ஸ்பெஷலாக நடந்துகொண்டிருக்கிறது. மைக்கோடு ரிங்குக்குள் வருகிறார் ஜிந்தர் மஹால். அமெரிக்காவை மட்டம் தட்டிப் பேச ஆரம்பித்ததும் அரங்கம் முழுக்கக் கூச்சல். கொஞ்ச நேரத்தில் 'தி ராக்' டுவெய்ன் ஜான்சனின் தீம் மியூசிக் ஒலிக்கிறது. மொத்தக் கூட்டமும் எழுந்து நிற்கிறது. அப்புறம் என்ன, ஜிந்தருக்குச் செம அடி.

அந்த வீடியோ உலகம் முழுக்க செல்போன்களில் சுற்றியது. பார்த்தவர்கள் ராக்கைத்தான் பார்த்தார்கள். அடி வாங்கிக் கீழே கிடந்தவர் ஆறரை வருஷத்துக்கு முன்னால் அதே நிறுவனத்தின் உச்ச சாம்பியனாக இருந்தவர். அந்த அடிக்குப் பிறகு நாலு மாதம்கூட ஆகவில்லை, 2024 ஏப்ரலில் அவரை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள்.

இப்போது இந்தியாவில் டபிள்யூடபிள்யூஇ நெட்பிளிக்ஸுக்குப் போய்விட்டது. 2025 ஏப்ரலில் இருந்து ரா, ஸ்மாக்டவுன் எல்லாம் அங்கேதான். பழைய மேட்ச்களைத் தேடிப் பார்க்கும் 90ஸ் கிட்ஸுக்கு ஒரு விஷயம் இப்போதுதான் உறைக்கும். சின்ன வயதில் 'நம்மாளு' என்று கைதட்டிய இந்திய வீரர்கள் எல்லாருமே அங்கே பெரும்பாலும் வில்லன்கள். கைதட்டிக்கொண்டிருந்தது நாம்தான். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

யார் இந்த ஜிந்தர் மஹால்?

நிஜப் பெயர் யுவராஜ் சிங் தேசி. 1986 ஜூலை 19-ல் கனடாவின் கால்கரி நகரத்தில் பிறந்தவர். வளர்ந்தது, படித்தது எல்லாம் அங்கேதான். ஆனால் ரிங்குக்கு வரும்போது அறிவிப்பாளர் 'பஞ்சாப், இந்தியா' என்றுதான் அறிவிப்பார். தலையில் டர்பன், வாயில் பஞ்சாபி, கூடவே 'சிங் பிரதர்ஸ்' என்ற பெயரில் இரண்டு அடியாட்கள். அந்த இரண்டு பேரும்கூட கனடாக்காரர்கள்தான்!

ஊரையே மாற்றிச் சொல்லலாமா என்று கேட்டால், புரோ ரெஸ்லிங்கில் அதுதான் தொழில். யார் ஜெயிக்கணும், யார் தோக்கணும் என்பது முன்கூட்டியே முடிவான நாடகம். விழும் அடியும் வலியும் மட்டும் நிஜம். கதை சொல்ல ஒரு ஹீரோ, ஒரு வில்லன் வேண்டும். வில்லனுக்கு அவர்கள் பாஷையில் 'ஹீல்' என்று பெயர். நல்ல ஹீலின் வேலை ஜெயிப்பது இல்லை. தன்னை அடிக்கிறவனை ஹீரோ ஆக்குவது.

ஒரு வில்லனை உருவாக்க நேரம் ஆகும். நண்பனுக்குத் துரோகம் பண்ண வேண்டும், நாற்காலியால் பின்னாடி இருந்து அடிக்க வேண்டும், மாதக்கணக்கில் கதை நகர்த்த வேண்டும். இந்தக் கஷ்டமே இல்லாமல் ஒரே நிமிடத்தில் வில்லன் வேண்டும் என்றால் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. வேறு நாட்டுக் கொடியோடு ஒருத்தரை உள்ளே அனுப்பி, புரியாத பாஷையில் நாலு வரி பேச வைத்தால் போதும். 'யு.எஸ்.ஏ... யு.எஸ்.ஏ...' என்ற கோஷம் தானாக வரும்.

பேப்பரில் யார் எதிரியோ, ரிங்கிலும் அவரே எதிரி!

1979-ல் ஈரானில் அமெரிக்கத் தூதரகத்தைக் கைப்பற்றினார்கள். 52 அமெரிக்கர்கள் 444 நாள் பணயக் கைதிகளாக இருந்தார்கள். அந்தக் கோபம் ஆறாத காலத்தில் வந்தவர்தான் 'அயர்ன் ஷேக்'. நிஜப் பெயர் ஹொசைன் கோஸ்ரோ அலி வாசிரி. ஈரானில் பிறந்தவர், ஆனால் போலி வீரர் இல்லை. நிஜ மல்யுத்தம் கற்றவர், அமெரிக்காவுக்கு வந்து 1971-ல் அங்கே தேசிய அளவில் தங்கம் வென்றவர். ஒலிம்பிக்குக்குப் போன அமெரிக்க அணிக்குப் பயிற்சி கொடுத்த குழுவிலும் இருந்தவர். அமெரிக்காவுக்காக உழைத்த அந்த மனுஷனை, முறுக்கிய மீசை, வளைந்த நுனி பூட்ஸ், ஈரான் கொடியோடு அமெரிக்காவின் எதிரியாக நிறுத்தினார்கள்.

1983 டிசம்பர் 26-ல் அவருக்கு சாம்பியன் பட்டம் கிடைத்தது. 28 நாள்தான். 1984 ஜனவரி 23-ல் ஹல்க் ஹோகன் அவரைத் தோற்கடித்தார். ஹோகன் என்ற மாபெரும் அமெரிக்க ஹீரோ பிறந்தது அந்த ராத்திரிதான். அயர்ன் ஷேக்கை சாம்பியன் ஆக்கியதே அந்த ஒரு ராத்திரிக்காக என்று சொன்னாலும் தப்பில்லை.

கதை அதோடு நிற்கவில்லை. 1991-ல் வளைகுடாப் போர். இப்போது எதிரி ஈராக். என்ன பண்ணினார்கள் தெரியுமா? அதே ஈரான்காரர் அயர்ன் ஷேக்குக்கு 'கர்னல் முஸ்தஃபா' என்று பெயர் வைத்து ஈராக் அதிகாரி ஆக்கிவிட்டார்கள். ஈரானும் ஈராக்கும் எட்டு வருஷம் சண்டை போட்டு 1988-ல்தான் ஓய்ந்திருந்தன. பார்க்கிறவர்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தேவைப்படவில்லை.

சோவியத் தேசிய கீதம் பாடி அமெரிக்கர்களை வெறுப்பேற்றிய நிக்கோலாய் வோல்காஃப், ரஷ்யரே கிடையாது. யூகோஸ்லாவியாவில் பிறந்தவர். ஜப்பானிய சுமோ வீரராக வந்த யோகோசுனா, சமோவா வம்சாவளி அமெரிக்கர். ஊர் மாறலாம், கொடி மாறலாம், வேலை ஒன்றுதான்.

இதில் ரொம்ப மோசமாக முடிந்தது முகமது ஹசன் கதை. 2004 கடைசியில் அறிமுகமான இந்தக் கதாபாத்திரம், 9/11-க்குப் பிறகு அரபு அமெரிக்கர்களைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள் என்று புகார் சொல்லும். யோசித்துப் பார்த்தால் நியாயமான புகார். ஆனால் அதைச் சொன்னதற்காகவே அவர் வில்லன்! நடித்தவரோ இத்தாலிய வம்சாவளி அமெரிக்கர். 2005 ஜூலையில் முகமூடி ஆட்களை வைத்து அண்டர்டேக்கரைத் தாக்கும் காட்சியைப் படம் பிடித்தார்கள். பார்க்க அப்படியே தீவிரவாதத் தாக்குதல் மாதிரி. அது ஒளிபரப்பான ஜூலை 7-ம் தேதிதான் லண்டன் ரயில்களிலும் பஸ்ஸிலும் குண்டு வெடித்தது. எதிர்ப்பு கிளம்பியது, சேனல் கையை விரித்தது, அந்த மாதமே கதாபாத்திரத்தை முடித்துவிட்டார்கள். எழுதியவர்கள் தப்பித்துக்கொண்டார்கள். நடித்தவரின் ரெஸ்லிங் வாழ்க்கைதான் முடிந்தது. பிறகு அவர் பள்ளிக்கூட வேலைக்குப் போய் பிரின்சிபால் ஆனார்.

'காளி' வந்த கதை

ஹசனுக்குப் பக்கத்தில் நின்று பேசிய தைவாரி, ஈரான் வம்சாவளி அமெரிக்கர். அடுத்த வருஷமே, 2006 ஏப்ரலில், அவர் ஒரு ராட்சச உருவத்தை ரிங்குக்கு அழைத்து வந்தார். அவர்தான் 'தி கிரேட் காளி'. இமாச்சலப் பிரதேசம் சிர்மௌர் மாவட்டத்தைச் சேர்ந்த தலிப் சிங் ராணா, பஞ்சாப் போலீஸில் வேலை பார்த்தவர். வந்த அன்றைக்கே அண்டர்டேக்கரைச் சாய்த்தார்.

நம்ம ஊரில் அது எப்படி இருந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எம்.கே.பி. நகர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை தெருக்களில் டிரம்ப் கார்டு விளையாடிய பசங்களுக்கு காளி கார்டு கிடைத்தால் லாட்டரி அடித்த மாதிரி. 'ஹைட்' என்று கூப்பிட்டால் போதும், எதிரே இருப்பவன் கார்டை நீட்டிவிட வேண்டியதுதான்.

2007 ஜூலையில் காளி உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். ஆனால் அவர் பேசினால் மொழிபெயர்க்க ஒருவர் கூடவே வருவார். ரஞ்சின் சிங் என்ற பெயரில் வந்த அவர், டபிள்யூடபிள்யூஇ-யின் கதை எழுதும் குழுவில் இருந்த இந்திய வம்சாவளி எழுத்தாளர். முதலில் மிரட்டும் ராட்சசன், கொஞ்ச நாள் போனதும் 'பஞ்சாபி பிளேபாய்' என்று காமெடி பீஸ். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சாதாரண மனுஷனாக அவரைக் காட்டவே இல்லை.

மாமா விட்ட இடத்தில் மருமகன்

ஜிந்தரின் குடும்பத்துக்கு இந்த வேலை புதுசும் இல்லை. அவருடைய மாமா காமா சிங், 1980-களில் கால்கரியின் ஸ்டாம்பீட் ரெஸ்லிங்கில் பெரிய வில்லன். பஞ்சாபில் பிறந்து கனடாவில் வாழ்ந்த அவருடைய கூட்டணிக்கு வைத்த பெயர் 'கராச்சி வைஸ்'. அப்போது ஓடிய 'மயாமி வைஸ்' சீரியலை வைத்து ஒரு ரைமிங். இந்திய வம்சாவளி ஆளுக்கு பாகிஸ்தான் ஊர்ப் பெயர்! கூட்டத்துக்கு டர்பனும் மீசையும் தெரிந்தால் போதும், மேப் எதற்கு?

அந்த மாமாவைப் பார்த்து வளர்ந்த ஜிந்தர் 2011-ல் டபிள்யூடபிள்யூஇ-யில் அறிமுகமானார். காளியின் கதையில் ஒட்டவைத்தார்கள், பிறகு '3எம்பி' என்ற காமெடி கும்பலில் போட்டார்கள். வாராவாரம் யாரிடமாவது தோற்பதுதான் வேலை. 2014 ஜூனில் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2016-ல் திரும்பக் கூப்பிட்டார்கள், உடம்பை முறுக்கேற்றிக்கொண்டு வந்தார், ஆனாலும் தோல்விதான்.

திடீரென்று 2017 ஏப்ரல் 18-ல் ஆறு பேர் மோதிய ஒரு போட்டியில் அவரை ஜெயிக்க வைத்தார்கள். அடுத்த மாதம், மே 21-ல், சிகாகோ அருகே நடந்த பேக்லாஷ் போட்டியில் ரேண்டி ஆர்டனைத் தோற்கடித்து டபிள்யூடபிள்யூஇ சாம்பியன். அந்தப் பட்டத்தை வென்ற 50-வது வீரர், இந்திய வம்சாவளியில் முதல் ஆள். ரசிகர்களுக்கு நம்பவே முடியவில்லை.

ஏன் திடீர் சாம்பியன்?

பதில் ஒரே வார்த்தை: மார்க்கெட். டபிள்யூடபிள்யூஇ-யை அதிகம் பார்க்கும் நாடுகளில் இந்தியா முக்கியமானது. பார்க்கிறவர்கள் ஏராளம், ஆனால் அதற்கு ஏற்ற வருமானம் இல்லை. ஒரு 'இந்திய' சாம்பியன் இருந்தால் இங்கே டிக்கெட், சந்தா, பொம்மை எல்லாம் விற்கலாம் என்பது கணக்கு.

கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. இந்தியாவில் விற்க வேண்டும் என்றால் அவர் ஹீரோவாக இருக்க வேண்டும். வாராவாரம் நிகழ்ச்சி நடப்பதோ அமெரிக்க ஊர்களில். அங்கே டர்பன் கட்டிய ஆளை வைத்து அவர்களுக்குத் தெரிந்தது ஒரே கதைதான். பட்டம் வென்றதைக் கொண்டாட பாங்ரா ஆட்டம், ஆகஸ்ட் 15-ல் ரிங்குக்குள் இந்திய சுதந்திர தினக் கொண்டாட்டம் என்று எதை வைத்தாலும் அதை அமெரிக்கக் கூட்டம் கூச்சல் போடத்தான் அமைத்தார்கள். இங்கே பெருமையாகப் பார்க்க வேண்டிய காட்சி, அங்கே வெறுப்பேற்றும் காட்சி. ஒரே வீடியோ, இரண்டு வியாபாரம். அது வேலைக்கு ஆகவில்லை.

செப்டம்பரில் இன்னும் ஒரு படி கீழே போனார்கள். ஜப்பான் வீரர் ஷின்சுகே நகமுராவின் முகத்தையும் உச்சரிப்பையும் கேலி செய்து ஜிந்தரைப் பேச வைத்தார்கள். வழக்கமாகக் கூச்சல் போடும் அமெரிக்க ரசிகர்களே அன்றைக்கு, இது எல்லை மீறல் என்று கோஷம் போட்டார்கள். அமெரிக்கப் பத்திரிகைகளும் கண்டித்தன. ஓர் ஆசிய முகத்தை வைத்து இன்னோர் ஆசிய முகத்தைக் கேவலப்படுத்தினால் பழி எழுதியவர் மேல் விழாது, பேசியவர் மேல்தான் விழும். விழுந்தது.

2017 நவம்பர் 7-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் பட்டம் போனது. மொத்தம் 170 நாள். ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 9-ல் டெல்லி இந்திரா காந்தி அரங்கில் டபிள்யூடபிள்யூஇ ஷோ. எந்த மார்க்கெட்டுக்காக சாம்பியன் ஆக்கினார்களோ, அந்த மார்க்கெட்டுக்கு அவர் பெல்ட் இல்லாமல் வந்தார். டிரிபிள் எச்-சிடம் தோற்றார். முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து பாங்ரா ஆடினார்கள்.

2018 ஏப்ரல் ரெஸில்மேனியாவில் அவருக்கு இன்னொரு பட்டம் கிடைத்தது. அதன் பெயர் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் சாம்பியன்ஷிப்'. அமெரிக்காவின் எதிரியாக நடித்தவரின் இடுப்பில் அமெரிக்காவின் பெயர் கொண்ட பெல்ட்! எட்டே நாளில் ஜெஃப் ஹார்டியிடம் அதுவும் போனது.

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை

அமெரிக்கர்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. 1950-களில் இந்தியாவில் தாரா சிங்கைப் பெரிய ஹீரோ ஆக்கியதில் ஒரு 'வெளிநாட்டு வில்லனுக்கு'ப் பங்கு உண்டு. அவர்தான் 'கிங் காங்'. நிஜப் பெயர் எமில் சாயா, இன்றைய ருமேனியாவில் இருக்கும் பிரஷோவ் நகரத்தில் பிறந்தவர். மலைபோல உடம்பு. சிங்கப்பூர், மலேசியா தமிழர்களின் தாத்தா தலைமுறைக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். அங்கேயும் அவர் பெரிய நட்சத்திரம், 1970-ல் இறந்ததும் சிங்கப்பூரில்தான். சுதந்திரம் கிடைத்துச் சில வருஷமே ஆன நாட்டில், ஒரு வெள்ளைக்காரரை நம்மாளு தூக்கிப் போடுவதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியதில் ஆச்சரியம் என்ன?

ஜப்பானில் இதே வேலையை ஒரு பஞ்சாபி செய்தார். லூதியானா பக்கத்தில் பிறந்து கனடாவில் குடியேறிய டைகர் ஜீத் சிங், வாயில் வாளைக் கவ்விக்கொண்டு வருவார். 1973-ல் டோக்கியோவில் ஒரு கடைக்கு வெளியே, நடுத்தெருவில், ஜப்பானின் ஹீரோ அன்டோனியோ இனோகியைத் தாக்கி நாட்டையே பதற வைத்தார். அங்கே மக்களுக்கு அவரைக் கண்டால் பயமும் பிரியமும் சேர்ந்தே இருந்தது. இன்றைக்குக் கனடாவின் மில்டன் நகரத்தில் அவர் பெயரில் ஒரு அரசுப் பள்ளி இருக்கிறது. வில்லன் வேடம் போட்டவர்களில் இவ்வளவு நல்லபடியாகக் கரை சேர்ந்தவர்கள் குறைவு.

எம்.கே.பி. நகர்காரர்களுக்கு இது புதுசா?

இல்லை. ஊர்ப் பெயரைச் சொன்னதும் வில்லன் ஆவது எப்படி இருக்கும் என்று வடசென்னைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழ் சினிமா பல வருஷமாக ரவுடி வேண்டும் என்றால் வண்டியை நேராக வியாசர்பாடிக்கும் காசிமேட்டுக்கும்தான் விட்டது. கழுத்தில் கர்சீப், கையில் கத்தி, வாயில் நாலு மெட்ராஸ் பாஷை வசனம். கதாபாத்திரத்தை விளக்க வேண்டிய வேலை மிச்சம். டர்பனைப் பார்த்ததும் கூச்சல் வரும் என்று அமெரிக்காவில் போட்ட அதே கணக்கு.

அந்தப் பேச்சில் நடித்துக் காட்டியவர்கள் பலருக்கு வடசென்னையில் எந்தத் தெருவும் தெரியாது என்பது வேறு விஷயம். 2014-ல் 'மெட்ராஸ்', 2021-ல் 'சார்பட்டா பரம்பரை' போன்ற படங்கள் வந்த பிறகுதான் ஹவுசிங் போர்டு வீட்டுக்குள் என்ன நடக்கிறது, பாக்ஸிங் கிளப்பில் யார் இருக்கிறார்கள் என்று வெளியே இருப்பவர்கள் பார்த்தார்கள். கால்பந்துக்காக வியாசர்பாடியை 'குட்டி பிரேசில்' என்று கூப்பிடுவது, 2008-ல் கேரம் உலக சாம்பியன் ஆன இளவழகி இந்த ஊர்க்காரர் என்பது எல்லாம் இன்னும் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஜிந்தர் அந்த வேடத்துக்குக் கையெழுத்துப் போட்டவர். சம்பளம் வாங்கினார், மேட்ச் முடிந்ததும் டர்பனைக் கழற்றி வைத்துவிட்டு ஃபிளைட் ஏறினார். வேலைக்கான இன்டர்வியூவிலோ வாடகை வீடு தேடும்போதோ 'எம்.கே.பி. நகர்' என்று சொன்னதும் எதிரே இருப்பவர் முகம் மாறுவதைப் பார்க்கும் இளைஞருக்கு அப்படி எந்த ஒப்பந்தமும் கிடையாது. வேடத்தைக் கழற்றி வைக்கும் இடமும் இல்லை.

இப்போது என்ன செய்கிறார்?

ராக்கிடம் அடி வாங்கிய இரண்டு வாரத்தில், 2024 ஜனவரி 15-ல், செத் ராலின்ஸுக்கு எதிராக ஜிந்தருக்கு ஒரு டைட்டில் வாய்ப்பு கொடுத்தார்கள். தோற்றார். அதுதான் அங்கே அவருடைய கடைசிப் பெரிய மேட்ச். ஏப்ரலில் அவரோடு இன்னும் சில இந்திய வம்சாவளி வீரர்களையும் சேர்த்தே அனுப்பினார்கள்.

'மஹால்' என்ற பெயரை அவருக்கு வைத்தது நிறுவனம். தாஜ்மஹாலை நினைவுபடுத்தும் பெயர், வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்தியா என்றால் உடனே ஞாபகம் வருவது அதுதானே. வேலையை விட்டு வந்ததும் அந்தப் பெயரும் அவரிடம் இல்லை. இப்போது சின்ன நிறுவனங்களின் ரிங்குகளில் 'ராஜ் தேசி' என்ற பெயரில் இறங்குகிறார். 'தேசி' என்பது அவருடைய சொந்தக் குடும்பப் பெயர்.